களிம்பேறிய செம்பை பெயிண்டில் கொண்டுவருவது

பழைய செம்பு என்றதும் கப்பல், சிலை போன்றவற்றின் சிறு மாதிரிகள் செய்கிறவர்களில் பாதிப் பேர் பச்சை பெயிண்ட் குப்பியைத் திறந்துவிடுகிறார்கள். செம்பு நிறம் ஒரு பூச்சு, அதன்மேல் நீர்த்த பச்சை ஒரு பூச்சு, துணியால் ஒரு துடைப்பு, வேலை முடிந்தது. கற்பனை உலகத்துப் போர்வீரனின் கவசத்துக்கு அது போதும். கடலில் கிடந்த கப்பலின் அடிப்பாகத்துக்குப் போதாது. பாம்பனில் குடியிருப்பதால் எனக்கு ஒரு வசதி உண்டு. செம்பு எப்படிப் பழசாகிறது என்று தெரிந்துகொள்ளப் புத்தகம் தேட வேண்டியதில்லை. ராமேஸ்வரம் தீவில் எந்த விடுதியின் பின்பக்கம் போனாலும் ஏசி வெளிப்பெட்டிக்குப் போகும் செம்புக் குழாய் கண்ணில் படும். அதில் எந்த இடம் பச்சை, எந்த இடம் கறுப்பு, எந்த இடம் இன்னும் செம்பாகவே இருக்கிறது என்று நின்று பார்த்தாலே பெயிண்ட் அடிக்கும் திட்டம் பாதி தயாராகிவிடும்.

நான் எடுத்துக்கொண்டது எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் திருகோணமலையின் பெயரைத் தாங்கியது. பம்பாய்க் கப்பல் கட்டும் துறையில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டி, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கினார்கள். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. முழுக் கப்பலையும் நான் செய்யவில்லை. நெடுக்காகப் பிளந்த பாதி உடல் மட்டும், சுவரில் மாட்டும் பலகையில் பதித்தது. கொடிமரம், பாய், கயிறு எதுவும் கிடையாது. ஆயிரம் முடிச்சுப் போடும் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. நான் பார்க்க ஆசைப்பட்டதும் அடிப்பாகத்தைத்தான். 1:72 அளவில் 150 அடி நீளப் பீரங்கித் தளம் 63 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. பலகைகளை அடுக்கி ஒட்டி, அரத்தாலும் உப்புத்தாளாலும் இழைத்து உடலை எடுத்த கதையை இங்கே சொல்லப்போவதில்லை. அது வெறும் தச்சு வேலை.

பெயிண்டைத் தொடும் முன் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது: இந்தச் செம்புக்கு என்ன வயது, அது எங்கே கிடந்தது? கப்பல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் 1819 முதல் 1845 வரை போர்ட்ஸ்மவுத்தில் பாய்மரம் இறக்கிக் கட்டிப்போடப்பட்டிருந்தது. அந்த நெடுங்கிடப்பின் முடிவில் உலர்துறைக்கு இழுத்து, தண்ணீரை வடித்துவிட்ட நிலையைத்தான் எடுத்துக்கொண்டேன். நடுவில் தகடுகளை மொத்தமாக மாற்றியிருக்கலாம். என் மாதிரியில் மாற்றவில்லை.

மரக்கப்பலுக்குச் செம்பு எதற்கு என்பது நம் கரையில் யாருக்கும் விளங்கும். கப்பல் புழு மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். பாம்பனில் மரப்படகு கட்டிப் பழகிய மேஸ்திரி ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். படகைக் கரையில் ஏற்றி, அடியில் ஓலைத் தீ காட்டி, எண்ணெய் பூசிய காலத்தைக் கைவிரல் மடக்கிச் சொல்வார். பிரிட்டிஷ் கடற்படை அதே தொல்லைக்குச் செம்புத் தகட்டைப் போர்த்திப் பார்த்தது. முதல் சோதனை 1761இல் எச்.எம்.எஸ். அலாரம் என்ற கப்பலில் நடந்தது. புழு அண்டவில்லை. ஆனால் செம்பு தொட்ட இடத்து இரும்பு ஆணிகள் கரைந்து போயிருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் இடையில் அகப்பட்டுக்கொண்ட இடங்களில் மட்டும் இரும்பு தப்பியிருந்தது. கடல்நீருக்குள் இரும்பும் செம்பும் ஒன்றையொன்று தொட்டால் தேய்வது இரும்புதான். பிறகு நீருக்கடியில் போகும் இரும்பு ஆணிகளை விட்டுவிட்டுச் செம்புக் கலவை ஆணிகளுக்கு மாறினார்கள். இந்தக் கதையை நான் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. செம்பு போர்த்திய மாதிரிகளில் தகட்டு இணைப்புகளிலிருந்து செந்துரு வழிவதாகப் பலர் கோடு இழுக்கிறார்கள். 1817இல் கட்டிய கப்பலில் அந்தத் துருவுக்கு வேலையே இல்லை. துரு பெயிண்ட் என் மேசைக்கே வரவில்லை.

இன்னொரு கதையும் நிறத்துக்கு உதவியது. செம்பு கரைவதைத் தடுக்க 1824இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி ஒரு வழி கண்டார். தகட்டோடு இரும்பையோ துத்தநாகத்தையோ இணைத்தால் அவை அரிபடும், செம்பு தப்பும். கொச்சியில் கட்டப்பட்ட சமரங் என்ற கப்பலிலும் இதைப் பொருத்திப் பார்த்தார்கள். செம்பு தப்பியது உண்மை. கூடவே பாசியும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற சிறு கடலுயிரும் அப்பிக்கொண்டன. அதாவது, செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால்தான் உயிரினங்கள் அதில் தங்குவதில்லை. நீருக்குள் இருக்கும் செம்பின் மேல்தோல் ஓயாமல் தேய்ந்துகொண்டே இருக்கிறது. அங்கே கோயில் கோபுரக் கலசத்தில் பார்ப்பது போன்ற தடித்த பச்சைப் பொருக்கு கட்ட வாய்ப்புக் குறைவு. பச்சை குப்பியைத் திறக்கும் கையை இந்த ஒரு விஷயமே பிடித்து நிறுத்திவிட வேண்டும்.

இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் நம்புவதற்கு மனம் வரவில்லை. ராமேஸ்வரத்தில் ஏசி பழுது பார்க்கும் ஒரு தம்பியிடம் துண்டுக் குழாய் கேட்டேன். "அண்ணே, புதுசு வேண்டுமா, பழசு வேண்டுமா? பழசு என்றால் மூட்டையாக இருக்கிறது" என்றான். இரண்டையும் வாங்கிக்கொண்டேன். கடற்கரைப் பக்கம் இருக்கும் விடுதிகளின் குழாய்தான் சீக்கிரம் ஓட்டை விழும் என்றும், மழை நனையும் குழாயைவிடச் சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் குழாய் மோசமாகப் பச்சை பிடிக்கும் என்றும் அவனே சொன்னான். பின்னது எனக்குப் புதிது. மழை படாத இடம் பத்திரமாக இருக்கும் என்றல்லவா நினைப்போம்.

புதுக் குழாயைப் பிளந்து, தட்டிப் பட்டையாக்கி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்கவைத்து நான்கு இடத்தில் மாட்டினேன். ஒன்று மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், மழையும் வெயிலும் படும்படி. ஒன்று ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில், கடற்காற்று மட்டும் படும்படி. ஒன்று படகுத்துறைக் கம்பத்தில் எப்போதும் நீருக்குள் இருக்கும் ஆழத்தில். கடைசியானது அதே கம்பத்தில் நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில். நம் பக்கத்தில் ஓதம் பெரிதாக ஏறி இறங்காது, ஆகவே அந்தப் பட்டி அகலம் குறைவு. மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் காயவைத்து அரிப்பை அளக்கும் வேலையைக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் முறைப்படி செய்திருக்கிறார்கள். எனக்கு அளவு தேவையில்லை, நிறம் தெரிந்தால் போதும்.

தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் மாட்டி, வாடைக் காலம் முடிந்ததும் கழற்றினேன். மாடிச் சுவரில் இருந்தது கரும்பழுப்பு. கூர்ந்து பார்த்தால் மட்டும் ஆணி ஓட்டையைச் சுற்றியும் கீழ் விளிம்பிலும் பச்சை. சன்ஷேடுக்கு அடியில் இருந்தது ஏசி தம்பி சொன்னபடியே வெளிர்பச்சைப் புள்ளிகள் அடர்ந்து, தொட்டால் விரலில் மாவு ஒட்டியது. உப்பு வந்து படிகிறது, கழுவ மழை வரவில்லை, இரவு ஈரத்தில் அது ஊறிக்கொண்டே இருக்கிறது. நீருக்குள் கிடந்தது மங்கிய செம்பழுப்பு, அதன்மேல் மெல்லிய ஆலிவ் பச்சைப் படலம், கட்டைவிரலால் தேய்த்ததும் உள்ளே இளஞ்சிவப்பு. கம்பத்தைச் சுற்றிக் கொட்டலசு மண்டிக் கிடக்க, பட்டையில் ஒன்றுகூட இல்லை. நீர்மட்டத்தில் இருந்ததுதான் எல்லாவற்றையும்விட அழகு. மேலிருந்து கீழாகப் பழுப்பு, நீலம் கலந்த பச்சை, வெள்ளைக் கோடு, அழுக்குப் பச்சை, மறுபடி பழுப்பு என்று ஒரே துண்டில் அத்தனையும் இருந்தன.

இதன் வேதியியல் நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். செம்பின் மேல் முதலில் வருவது குப்ரைட் என்ற சிவந்த ஆக்சைடு. அது கனமாகும்போதும் கறுப்பு ஆக்சைடு சேரும்போதும் கரும்பழுப்பாகத் தெரிகிறது. பச்சை அதற்கு மேல் வரும் உப்பு. புகை மிகுந்த நகரத்தில் கந்தகம் சேர்ந்து புரோசாண்டைட் ஆகிறது. கடற்கரையில் குளோரைடு சேர்ந்து அட்டகமைட் வகைகள் உண்டாகின்றன. பெயிண்ட் அடிக்கிறவனுக்கு இதில் வேண்டியது வரிசை ஒன்றுதான். அடியில் பழுப்பு, மேலே பச்சை. மாறிப் பூசினால் என்ன செய்தாலும் பொய்யாகவே தெரியும்.

"அப்படியானால் உண்மையான செம்புத் தகட்டையே ஒட்டி, வினிகர் தடவி விட்டுவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் தனித் துண்டுப் பலகையில் செய்து பார்த்தேன். பசையோடு வரும் 5 மில்லிமீட்டர் செம்பு டேப் கிடைக்கிறது. அக்காலத் தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். 1:72இல் அது 17க்கு 5 மில்லிமீட்டர் ஆகிறது. டேப்பின் அகலம் அச்சாகப் பொருந்துவதால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் வினிகரும் உப்பும் தருவது மயில்துத்தத்தின் நிறத்தை ஒட்டிய நீலம். அம்மோனியா ஆவி காட்டினால் இன்னும் ஆழ்ந்த நீலம். பச்சைப் படிகங்களும் கப்பலின் அளவுக்குச் சுருங்குவதில்லை. ஒரு பொடி கண்ணுக்குத் தெரிந்தாலே அது 72 மடங்கில் கோலிக்குண்டு அளவுக் கட்டியாகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குளோரைடு ஒருமுறை உள்ளே போய்விட்டால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அரிப்பு நிற்காது. மேலே வார்னிஷ் பூசினாலும் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். அருங்காட்சியகக்காரர்கள் வெண்கல நோய் என்று பயப்படுவது இதைத்தான். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர்கள் துணியலாம். பாம்பனில் வேண்டாம்.

தகட்டுக்கு நான் பயன்படுத்தியது அடுக்களை அலுமினியத் தாள். பரோட்டாக் கடையில் பார்சல் கட்டுவார்களே, அதேதான். இதில் கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை, கணக்கு இருக்கிறது. சதுர அடிக்கு 32 அவுன்ஸ் எடையுள்ள செம்புத் தகட்டின் தடிமன் 1.1 மில்லிமீட்டர் அளவில் வரும். அதை 72ஆல் வகுத்தால் 0.015 மில்லிமீட்டர். அடுக்களைத் தாள் ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். ஆகவே தகட்டின் மேல் தகடு படியும் இடத்தில் உண்டாகும் மேடு தானாகவே சரியான அளவில் அமைந்துவிடுகிறது. டேப்பில் அது படிக்கட்டாகத் தெரியும். ஃபெவிகாலைத் தண்ணீரில் நீர்த்து மரத்தில் தடவி, பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி ஒட்டிக்கொண்டு வந்தேன். அப்படி வந்தால்தான் முன் தகட்டின் ஓரம் பின் தகட்டின் மேல் படியும்; கப்பல் ஓடும்போது நீர் ஓரத்தைக் கிளப்பாது. எண்ணூறு தகடு வாக்கில் தேவைப்பட்டது. ஆணித்தலைகளை மொத்தமாக விட்டுவிட்டேன். கடைகளில் விற்கும் மாதிரிகளில் அவை கொப்புளம் கொப்புளமாக நிற்பதைப் பார்த்தால், கப்பலுக்கு அம்மை போட்டது போலிருக்கும். இந்த அளவில் ஆணி கண்ணுக்குத் தெரியக் கூடாது.

அலுமினியத்தில் பெயிண்ட் நேராகப் பிடிக்காது. ராமநாதபுரத்தில் இருசக்கர வாகன பெயிண்ட் கடையில் கிடைக்கும் மெட்டல் பிரைமர் ஸ்பிரே, சாம்பல் நிறம், மிக மெல்லிய பூச்சாக. அது காய்ந்ததும் கறுப்பும் பழுப்பும் கலந்த அக்ரிலிக்கைத் தட்டைத் தூரிகையால் பூசினேன். இனிமேல்தான் செம்பு.

செம்பு பெயிண்டைக் குப்பியிலிருந்து அப்படியே பூசுவதை நான் விரும்புவதில்லை. உலோக நிற பெயிண்டின் மினுமினுப்பு அதில் மிதக்கும் சில்லுகளால் வருகிறது. சில்லு ஒவ்வொன்றும் 30 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் 72 மடங்கில் அது 2 மில்லிமீட்டர் ஜிகினா. அப்படி ஜிகினா ஒட்டிய தகட்டை எந்தக் கப்பலிலும் யாரும் பார்த்திருக்க முடியாது. ஆகவே செம்பு பெயிண்ட் ஒரு பங்கு, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு இரண்டு பங்கு, செங்காவி அரைப் பங்கு. ஈரமாக இருக்கும்போது சாக்லேட் மாதிரி இருக்கும், நம்பிக்கை வராது. காய்ந்ததும் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளிருந்து ஒரு சூடு எழும். அது போதும். ஃபெவிக்ரில் செம்பு நிறத்திலும் செய்யலாம், வெளிநாட்டு வல்லேஹோவிலும் செய்யலாம். வல்லேஹோவின் சில்லு இன்னும் நைசு. ஆனால் கலவையில் அம்பர் இவ்வளவு போகும்போது வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை.

இந்த அடிப்படைக் கலவையிலிருந்து மூன்று சாயல் பிரித்தேன். ஒன்றில் கறுப்பு கூடுதல், ஒன்றில் செங்காவி கூடுதல், ஒன்றில் ஆலிவ் பச்சை ஒரு துளி. தகடுகளில் ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூச வேண்டும். ஒழுங்கில்லாமல் என்று சொல்வது சுலபம். கை தானாகவே சதுரங்கப் பலகை போட ஆரம்பிக்கும். அதற்கு நான் கண்ட வழி, தனித்தனித் தகடாக எடுக்காமல் ஒட்டினாற்போல் நாலைந்து தகடுகளை ஒரே சாயலில் பூசுவது. செப்பனிடும்போது ஒரு பகுதியைக் கழற்றிப் புதிதாக அடிப்பார்களே தவிர, ஊருக்கு ஒரு தகடாகத் தேடி மாற்ற மாட்டார்கள். சாயல்களுக்கு இடையில் வித்தியாசம் ஒரு கை தூரத்தில் நின்றால் தெரியக் கூடாது, குனிந்து பார்த்தால் தெரிய வேண்டும்.

இதன்மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. அக்ரிலிக்குக்கும் அடுத்து வரும் எண்ணெய் வண்ணத்துக்கும் நடுவே அதுதான் வேலி. எண்ணெய் வண்ணம் பர்ன்ட் அம்பரும் கொஞ்சம் கறுப்பும், டர்பென்டைனில் தேநீர் நிறம் வரும்வரை கரைத்தது. தகட்டு விளிம்பில் தூரிகை நுனியைத் தொட்டால் கோடு நெடுக அது தானாக ஓடும். அரைமணி விட்டு, டர்பென்டைனில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் மேலிருந்து கீழாக மட்டும் இழுத்துத் துடைக்க வேண்டும். தண்ணீர் வடிவது அந்தத் திசையில்தான். பக்கவாட்டில் ஒரு இழுப்பு விழுந்தாலும் கண் பிடித்துவிடும். எண்ணெய் வண்ணம் நம் ஊர் ஈரத்தில் காய நாளெடுக்கும். அவசரப்படுத்த வெயிலில் வைக்காதீர்கள், மரம் விரிந்து தாள் உப்பிக்கொள்ளும்.

இப்போது பச்சை. என் பச்சையில் டைட்டேனியம் வெள்ளை பாதிக்கு மேல், தாலோ பச்சை ஊசிமுனை அளவு, மஞ்சள் காவி கொஞ்சம். தாலோ மிகக் காரமான நிறமி. ஒரு துளி கூடினால் குழந்தைகள் விளையாட்டுச் சாமான் நிறம் வந்துவிடும். மஞ்சள் காவி அதன் வாயை அடைக்கும். கேம்ஸ் வொர்க்‌ஷாப் விற்கும் நிஹிலாக் ஆக்சைடு என்ற தயார்க் கலவை இதே வேலைக்குத்தான் பெயர் பெற்றது. சிறு சிலைக்கு அருமையாக உட்காரும். கடலுக்கு அது நீலம் அதிகம். வாங்கி வைத்திருப்பவர்கள் மஞ்சள் காவி சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு பங்கு பெயிண்டுக்கு எட்டுப் பங்கு தண்ணீர், பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், காய்ந்ததும் வட்ட வட்டக் கறை. எங்கே பூசுவது என்பதற்கு நீர்மட்டக் கம்பத்தில் தொங்கிய என் பட்டைதான் சட்டம். எப்போதும் நீருக்குள் இருந்த பகுதியில், அதாவது உடலின் முக்கால் பங்கில், களிம்புப் பச்சையே கிடையாது. ஆலிவும் அம்பரும் கலந்த மெல்லிய படலம் மட்டும், அதுவும் பஞ்சால் பாதியைத் துடைத்து எடுத்தது. களிம்பு வரவேண்டியது நீர்மட்டத்தை ஒட்டிய பட்டியில். அங்கேயும் முதலில் இருண்ட நீலப்பச்சை, காய்ந்த பிறகு அதைவிட ஒடுங்கிய இடத்தில் வெளிர்பச்சை, கடைசியாகத் தகட்டு விளிம்பில் மட்டும் ஏறத்தாழ வெள்ளை. ஒவ்வொரு பூச்சும் முன்னதைவிடச் சிறிய இடத்தைப் பிடிக்க வேண்டும். பாதி காய்ந்த நிலையில் ஈரப்பஞ்சை வைத்து நடுவை ஒற்றி எடுத்தால் ஓரம் மட்டும் தங்கும். உப்புநீர் காயும்போது செய்வதும் அதையேதான்.

இந்தக் கட்டத்தில் மேஸ்திரி ஒருமுறை வந்து பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தம்பி, இந்தக் கப்பல் இடம் மாறாமல் கட்டிக் கிடந்தது என்றாயே, நீ செய்திருக்கும் பக்கம் வெயில் பக்கமா, நிழல் பக்கமா?" என்று கேட்டார். நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றுக்கு ஏற்பத் திரும்பும், இரண்டு பக்கமும் சமமாகக் காயும். முன்னும் பின்னும் கயிறு போட்டுக் கட்டியது திரும்பாது. நிழல் பக்கத்தில் பாசி காயாமல் தொங்கும், வெயில் பக்கத்தில் உப்பு வெளுக்கும். கரையில் எந்த மாதிரிக்காரனும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. போர்ட்ஸ்மவுத் வடக்கே வெகுதூரத்தில் இருப்பதால் அங்கே வெயில் பக்கம் எப்போதும் தெற்குப் பக்கம். என் பாதி உடலைத் தெற்குப் பக்கமாக வைத்துக்கொண்டேன். உப்புக் கோட்டைத் தாராளமாகக் காட்ட ஒரு நியாயம் கிடைத்தது. பாசியைப் பின்பக்க வளைவுக்கு அடியில், சுக்கானை ஒட்டிய நிழலில் மட்டும் விட்டேன். சாப் கிரீனில் அம்பர் சேர்த்து, பழைய பல்தூரிகையால் குத்திக் குத்தி வைத்தது.

உப்புக் கோட்டுக்கு உண்மை உப்பையே பயன்படுத்தினேன், ஆனால் ஒட்டிவைக்க அல்ல, மறைக்க. மாரியூர் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் இருப்பதால் கல் உப்புக்கு இங்கே பஞ்சமில்லை. கல்லாகவே போட்டால் இந்த அளவுக்கு மிகப் பெரிது. அம்மியில் ரவை பதத்துக்கு உடைத்து, நீர்மட்டப் பட்டியை ஈரமாக்கித் தூவி, காய்ந்ததும் வெளிர்பச்சையை ஸ்பாஞ்சால் தட்டினேன். அது காய்ந்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் தேய்த்தால் உப்பு இருந்த இடங்களில் அடியிலுள்ள பழுப்பு எட்டிப் பார்க்கும். களிம்பு உதிர்ந்த தோற்றம் தூரிகையால் வராதபடி வந்துவிடும். இரண்டு மூன்று முறை கழுவுங்கள். மிச்சம் உப்பு இருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வார்னிஷுக்கு அடியில் வியர்க்கும்.

தேய்ந்த இடங்களுக்கு வருகிறேன். நங்கூரக் கயிறு உரசும் முன்பகுதி, சிறு படகுகள் வந்து இடிக்கும் நடுப்பகுதி, இந்த இரண்டு இடத்திலும் மட்டும் கலக்காத செம்பு பெயிண்டை, தூரிகையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாதபடி துடைத்துவிட்டு, தகட்டு ஓரங்களில் உரசினேன். நெடுங்காலம் சும்மா கிடந்த கப்பலில் அது மிகக் குறைவாகத்தான் இருக்கும். சுக்கான் கீல்கள் தகடல்ல, வார்த்த கலப்பு உலோகம். அவற்றுக்குச் செங்காவியை எடுத்துவிட்டு மஞ்சள் காவி சேர்த்த கலவை. இந்தச் சிறு வேறுபாட்டை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் இல்லாவிட்டால் அந்த மூலை செத்துக் கிடக்கும்.

பிற்காலக் கப்பலைச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1832இல் முண்ட்ஸ் என்பவர் செம்பு 60, துத்தநாகம் 40 என்ற விகிதத்தில் ஒரு கலவைக்குக் காப்புரிமை வாங்கினார். விலை குறைவு என்பதால் வணிகக் கப்பல்கள் அதற்கு மாறின. 1869இல் நீரில் இறங்கிய ‘கட்டி சார்க்’ என்ற பாய்மரக் கப்பலின் உடலில் இருந்ததும் அதுதான். மாதிரிப் பெட்டியில் வரும் விளக்கத்தாள் செம்பு நிறம் என்று சொன்னாலும், அது பித்தளை வகை. அடிப்படைக் கலவையே மஞ்சளுக்கு நகர வேண்டும். கட்டடக் கூரைக்கும் சிலைக்கும் இந்தப் பதிவின் விகிதங்கள் உதவாது. அங்கே தலைகீழ்: மழையும் காற்றும் நெடுங்காலம் வேலை செய்து பச்சை முழுப் பரப்பையும் மூடிவிடும். நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை 1886இல் திறந்தபோது செம்பு நிறமாகத்தான் இருந்தது. அது முழுதும் பச்சையாகப் பல ஆண்டுகள் பிடித்தது. அப்படிப்பட்டதற்குப் பச்சையை அடிப்படையாகப் பூசி, மழை வழியும் தடங்களில் பழுப்பைக் கொண்டுவருவதே வழி.

கடைசி வார்னிஷ்தான் இந்தக் கரையில் பெரிய சோதனை. மங்கல் வார்னிஷை ஸ்பிரே செய்யும்போது காற்றில் ஈரம் அதிகமானால் பூச்சு பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். வாடைக் காலத்தில் நான் ஸ்பிரேயைத் தொடுவதே இல்லை. சோழகத்தில் ஈரம் பரவாயில்லை, ஆனால் ஜன்னல் இடுக்கில் மணல் வரும். நண்பகலில் அறையைச் சாத்தி, மாதிரிக்குப் பக்கத்தில் குண்டு பல்பு ஒன்றை எரியவைத்து உடலைச் சற்றுச் சூடாக்கி, பல்பை அணைத்த பிறகு ஸ்பிரே செய்கிறேன். டப்பாவை முன்கூட்டியே வெதுவெதுப்பான நீரில் நிறுத்திவைத்தால் துளி நைசாக வரும், கொதிநீர் ஆகாது. மூக்குக்கு முகமூடி, அடித்து முடித்ததும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். வார்னிஷ் உப்புக் கோட்டின் வெண்மையைக் கொஞ்சம் விழுங்கிவிடும். ஆகவே அதற்கு மேல் வெள்ளை, வெளிர்பச்சை பாஸ்டல் சாக்கைப் பொடித்து, பஞ்சில் தொட்டு அந்தக் கோட்டில் மட்டும் மறுபடி ஒற்றினேன். இதன்மேல் வார்னிஷ் கிடையாது. கண்ணாடிக்குள் போகும் பொருள் என்பதால் விரல் படாது.

கண்ணாடிப் பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலங்கள் வைத்திருக்கிறேன், நிறம் மாறியதும் வாணலியில் வறுத்து மறுபடி வைக்கலாம். விளக்கு விஷயத்தில் கடைக்காரர் கொடுத்த மஞ்சள் எல்இடி பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 2700 கெல்வின் வெளிச்சத்தில் பழுப்பு எல்லாம் புதுச் செம்பாகவும் பச்சை எல்லாம் சாம்பலாகவும் தெரிந்தன. 6500 போட்டால் பச்சை மட்டும் கத்தும். 4000 கெல்வின் பட்டையை மேலே ஒரு ஓரமாக, சாய்வாக விழும்படி ஒட்டியபோது தகட்டு மேடுகள் தனித்தனியே எழுந்தன. பெயிண்ட் கலக்கும் மேசையிலும் இப்போது அதே பல்புதான்.